துருக்கைக்காரிகள்

எங்கள் கம்பெனிக்கு வரலாறு எழுதப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஓய்வுபெற நான்கு மாதங்கள் இருந்தன. பாடாங் செராய்க்கு வெளியே, செம்பனைக் காட்டுக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் இருக்கிற அந்த ரம்பத் தொழிற்சாலையில் பத்தொன்பது வயதில் பேக்கிங் மேசைக்குப் போனவள் நான். அறுபதை நெருங்கும்போது ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்தேன். அதற்குள் கம்பெனி மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. மாற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வரலாறு என்று அவர்கள் சொன்னது இதுதான். எப்போதும் மழை பெய்யும் ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரில் ஒரு கொல்லர் ரம்பம் செய்தார். அவர் மகன் செய்தான், பேரன் செய்தான். அந்த ரம்பங்கள் கப்பலேறிப் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து தோட்டம் தோட்டமாகப் போயின. ரப்பரை வெட்டிச் செம்பனை நட ஆரம்பித்த காலத்தில் இங்கேயே ஒரு தொழிற்சாலை போட்டார்கள். மரம் அறுக்கும் ரம்பம், கிளை கழிக்கும் ரம்பம், இரும்பு அறுக்கும் பிளேடு, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் எல்லாம் அங்கே செய்தோம். மோட்டார் ரம்பம் வந்ததும் பாதி வியாபாரம் போனது. இன்று ஒரு பல்கூட அங்கே வெட்டப்படுவதில்லை. தயாராக வருகிற தகடுகளில் பெயரை அச்சடித்து அட்டையில் ஒட்டி அனுப்புகிறார்கள். வெட்டுவதை விட்டுவிட்டு ஒட்டுவதற்கு வந்த கம்பெனி, வாசல் மண்டபத்தை இடித்து வரலாற்றுக் கூடம் கட்டப் புறப்பட்டது.

இதற்காகக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நம் பிள்ளைதான். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கையில் எப்போதும் ஐஸ் போட்ட காப்பி. பழைய பொருள் எதுவாக இருந்தாலும் அவளுக்கு வேண்டும். உடைந்த மரப்பிடி, பழைய பஞ்ச் கார்டு, பீங்கான் கோப்பை என்று எதையெடுத்தாலும் "சோ நைஸ்" என்பாள். நான் ஸ்டோர்ச் சாவியைக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை அவள் ஒரு இரும்புத் தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். எண்ணெய்த் துணியில் சுற்றி, மேல் அலமாரியின் பின்பக்கம் கிடந்ததாம்.

"ஆன்ட்டி, இது என்னா? ஏதோ சத்தியம் பண்ண மாதிரி இருக்குலா."

அகலமான தகடு. கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஓர் எண் அடித்திருந்தது. நாற்பதுக்கு மேல் கட்டங்கள். அதில் ஏழில் மட்டும் பெருவிரல் ரேகை பழுப்பாக, ரேகைக்கோடு ஒன்றுவிடாமல் இரும்பைத் தின்று பதிந்திருந்தது. மற்றவை வெறுமையாகப் பளபளத்தன.

அதை நான் நாற்பது வருடமாகப் பார்க்கவில்லை. "தெரியலம்மா," என்றேன்.

தெரியும்.

நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்த சமயம், வெளிநாட்டுக்குப் போன பெட்டிகள் சில திரும்பி வந்தன. திறந்தால் ரம்பங்களில் செம்புள்ளி. அப்போதைய மேனேஜர் மூன்று நாள் யோசித்துவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தார். பேக்கிங் மேசையில் நிற்கிற பொம்பளைகளின் கை வேர்வை. சிலருடைய வேர்வை இரும்பைக் கெடுக்கும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். அது பொய்யில்லை, அப்படிப்பட்ட கைகள் உண்டு. ஆனால் அவர் குளுகுளு அறையை விட்டு எழுந்து வந்து வேறு எதையும் பார்க்கவில்லை. எங்கள் மேசைக்கு மேலே இருந்த காற்றாடி ஆறு மாதமாகச் சுற்றவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அண்ணன் கண்ணாடிபோல் தீட்டிய அந்தத் தகட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நாங்கள் வரிசையில் நின்று வலது கைப் பெருவிரலை அவரவர் எண்ணுக்கு மேலே அழுத்த வேண்டும். திங்கட்கிழமை பார்ப்பார்கள். யார் விரல் துருவேறியிருக்கிறதோ அவளுக்கு வேலை இல்லை.

என் கை எப்படிப்பட்ட கை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் குத்துகிற ஊக்கு இரண்டே நாளில் துருவேறிவிடும். பரீட்சை நடக்கப்போவது முதல் நாளே ஆபீசில் வேலை செய்த ஒருத்தி சொல்லி எனக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரன் பைக்குள் மெஷின் எண்ணெய் நனைத்த ஒரு துண்டுத் துணியை வைத்திருந்தேன். என் முறை வருவதற்கு முன் பைக்குள் கைவிட்டுப் பெருவிரலைத் துடைத்துக்கொண்டேன். எண்ணெய் தடவிய விரல் இரும்பைக் கடிக்காது.

எனக்கு அடுத்து நின்றவர் ஒரு அக்கா. முப்பது வயது தாண்டியவர், புருஷன் லோரியில் அடிபட்டுச் செத்து, ஒரு பெண்குழந்தையோடு இருந்தார். மேசையில் எனக்கு நேர் எதிரே நின்று வேலை செய்வார். ரம்பத்தைக் காகிதத்தில் சுற்றுவதில் அவருடைய வேகம் யாருக்கும் வராது. நான் பையிலிருந்து கையை எடுக்கும்போது அவர் கண் என் கைமேல் இருந்தது. நான் அழுத்திவிட்டு நகர்ந்ததும் வந்து தன் விரலை வைத்தார்.

திங்கட்கிழமை ஏழு பேர். அக்கா ஏழில் ஒருவர். மேனேஜர் தகட்டை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தார். ஏதோ போட்டியில் கிடைத்த கேடயம் மாதிரி. சூப்பர்வைசர் அண்ணன் எண்களை வாசித்தார். நம் இனம்தான், எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஒரு எண்ணில்கூடத் தடுமாறவில்லை. ஏழு பேரும் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து மணிக் காப்பிக்கு முன்னே கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

வேலை போனதோடு முடிந்திருந்தால் வேறு தொழிற்சாலை இருந்தது. முடியவில்லை. 'துருக்கைக்காரி' என்று ஒரு பெயர் வந்தது. வைத்தது மேனேஜர் அல்ல, நாங்கள்தான். காண்டீனில் யாரோ ஒருத்தி சொன்னாள், எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அது தோட்டத்துக்குள் போய், அங்கே கெட்ட கைராசியாக மாறிவிட்டது. அக்கா ஊறுகாய் போட்டு விற்பார். "இரும்பே கெட்டுப்போற கை, ஊறுகா நிக்குமா?" என்று வாங்குவதை நிறுத்தினார்கள். கோயில் அன்னதானத்துக்கு அரிசி களைய அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அதுவும் நின்றது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு செர்டாங் பக்கம் போய்விட்டார். கை கெட்டது என்று சொன்னவர்கள் யாரும் அந்தக் கையை ஒருமுறை வாங்கிப் பார்த்ததில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஏழு பேரை அனுப்பிய பிறகும் பெட்டிகள் துருவோடு திரும்பி வந்துகொண்டிருந்தன. மேனேஜர் எங்களுக்குக் கையுறை கொடுத்தார். துரு நிற்கவில்லை. பிறகு ஒருநாள் ஸ்டோரில் இருந்த பாக்சிக், மலாய்க்காரப் பெரியவர், தன் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சூப்பர்வைசர் அண்ணன் முன்னால் நிறுத்தினார். மழைக்கு ஒதுக்கி, ரம்பம் சுற்றும் காகிதத்தை அடுக்கிவைக்கிற கொட்டகையில் பத்து நாள் வைத்திருந்த சைக்கிள். செயினும் கம்பிகளும் செம்மண் நிறத்தில் இருந்தன.

"என் சைக்கிளுக்கும் வேர்க்குமா?" என்று மலாயில் கேட்டார்.

அந்தக் கொட்டகையின் சுவரை ஒட்டி அமிலத் தொட்டி இருந்தது. சூளையில் கறுத்து வருகிற தகடுகளை அதில்தான் முக்கி எடுப்பார்கள். அந்தப் புகையை நாள் முழுக்கக் குடித்த காகிதத்தில்தான் நாங்கள் ரம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம். கொட்டகையை வேறு பக்கம் மாற்றினார்கள். துரு நின்றது. மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு நீளமாக அறிக்கை எழுதினார், அங்கிருந்து அவருக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. பாக்சிக்குக்கு ஒரு பாட்டில் செயின் எண்ணெய்கூடக் கொடுக்கவில்லை. ஏழு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. கூப்பிட்டால் பழைய கதை கிளறப்படும், என் எண்ணெய்த் துணி வெளியே வரும் என்று பயம். தகட்டை எண்ணெய் பூசித் துணியில் சுற்றி மேலே வைத்தது பாக்சிக்தான். ஏன் வைத்தார் என்று நான் கேட்கவே இல்லை.

வரலாற்றுக் கூடத்துச் சுவர் தயாரானதும் என்னைத் தமிழைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். தமிழ் என்று அதைச் சொல்ல முடியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் சிதறிக் கிடந்தது. கொல்லர் படத்துக்கும் இப்போதைய முதலாளி படத்துக்கும் நடுவில், விளக்கு போட்டு, வெல்வெட் துணிமேல் அந்தத் தகடு. கீழே மூன்று மொழியில் எழுதியிருந்தது: 'முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் பெருவிரல் பதித்து நிறுவனத்துக்கு அளித்த விசுவாச உறுதிமொழி.'

"ஏழு பேரு விரல்தானே தெரியுது? மத்தவங்க?" என்றேன்.

"அது காலத்துல அழிஞ்சிருக்கும் ஆன்ட்டி. இந்த ஏழு பேருதான் ரொம்ப ஆழமா, உண்மையா வச்சவங்க," என்றாள் அந்தப் பிள்ளை. கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை.

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய ஏழு பேரை விசுவாசிகள் என்று வெல்வெட்டில் வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடம் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடந்த என் கட்டம் காலியாக இருக்கிறது. நான் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று என்மேல் எனக்கு வந்த இளக்காரம், அந்த மேனேஜர்மேல் எனக்கு இருந்ததைவிடக் குறைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை செர்டாங்குக்குக் காரை எடுத்தேன். அக்கா தன் மகள் வீட்டில் இருந்தார். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் தகட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு எண்ணெய்த் துணியைச் சொன்னேன்.

"தெரியும். பாத்தேன்லா," என்றார்.

"ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா எட்டு பேரா போயிருப்போம். எனக்கு அதுல என்ன வந்துடப் போவுது?"

அவரே தொடர்ந்தார்.

"நீ தொடச்சது எனக்குப் பெருசில்ல. சின்னப் பொண்ணு, பயந்துட்ட. அப்புறமா அந்தக் காயிதக் கொட்டாய் விஷயம் தெரிஞ்சப்போ ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாம். எம் மவள பொண்ணு பாக்க வந்தவங்க, அவ கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க."

அவர் எழுந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"அந்தக் கூடத்த என்னிக்கித் தெறக்குறாங்க? என்னைக் கூட்டிட்டுப் போ."

திறப்பு விழாவுக்குப் பழைய தொழிலாளி என்ற முறையில் அவரை அழைத்துப்போவதில் தடை இருக்கவில்லை. பழைய தொழிலாளிகள் நாலு பேர் படத்தில் நின்றால் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் அறுத்தார். தன் வாழ்நாளில் ஒரு ரம்பத்தைக் கையில் பிடித்திருக்க மாட்டார். ஐந்து தலைமுறை, அறுபடாத பாரம்பரியம், ஒரே குடும்பம் என்று அடுக்கினார். பிறகு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்து தகட்டின் முன் நின்றார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் விடுவித்துக்கொண்டு முன்னால் போனார்.

"இது என் வெரலு," என்று ஒரு ரேகையைக் காட்டினார்.

நான் மலாயில் சொன்னேன். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. புகைப்படக்காரரைக் கூப்பிட்டு, அக்காவின் தோள்மேல் கைபோட்டு நின்றார். அக்கா படம் எடுத்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு அவரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்.

"இதுல துரு இருக்கு. பக்கத்துக் கட்டத்துல இல்ல. ஒரே தகடு, ஒரே நாளு வச்சது. அது ஏன்னு கேளு."

கேட்டேன். காலம் ஆகிவிட்டது, அதனால்தான் என்றார் முதலாளி.

"காலம் எங்க ஏழு பேருக்கு மட்டும் ஆச்சா? அவருக்குச் சொல்லு, இது சத்தியமில்ல. யாரு கை கெட்ட கைன்னு பாக்க வச்ச பரீட்ச. எங்கள வேலைய விட்டுத் தொரத்துனாங்க. கோளாறு காயிதத்துல இருந்துச்சி. பக்கத்துக் கட்டம் இவளோடது. இவ எண்ணெயத் தொடச்சிக்கிட்டு வச்சா. அதையும் சொல்லு."

அக்கா குரலை உயர்த்தவில்லை. மொழிபெயர்க்க அங்கே என்னைத் தவிர யாரும் முன்வரவில்லை. ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நொடி நினைத்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். எண்ணெய்த் துணியையும், என் எண்ணையும் சேர்த்துச் சொன்னேன். கோலாலம்பூர்ப் பிள்ளை கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

முதலாளியின் சிரிப்பு குறையவில்லை. அப்படிச் சிரிக்கத் தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது. மிகவும் நெகிழ்ச்சியான கதை, இதையும் கூடத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

"அதெல்லாம் வேணாம். எங்க கையில குத்தமில்லன்னு ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்லு. ஏழு பேருக்கும்."

சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் விருந்தாளிகளைச் சாப்பாட்டுப் பக்கம் திருப்பினார். பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நானும் அக்காவும் சாப்பிடாமல் திரும்பினோம்.

மூன்று வாரம் கழித்து மனிதவளப் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். சுங்கைப் பட்டாணியிலிருந்து வருகிற ஒரு தம்பி அங்கே அதிகாரி.

"ஆன்ட்டி, அது அந்தக் காலத்து மேனேஜ்மென்ட்லா. இப்ப இருக்குறது வேற. அவங்க செஞ்சதுக்கு நாங்க எப்படி லெட்டர் குடுக்குறது?"

"சுவத்துல அஞ்சு தலைமுறை, அறுபடாத பாரம்பரியம்னு எழுதியிருக்கு தம்பி."

"அது மார்க்கெட்டிங் ஆன்ட்டி."

பெருமைக்கு ஐந்து தலைமுறையும் சொந்தம், பிழைக்கு மட்டும் யாரும் சொந்தமில்லை. அவனிடம் பேசிப் பயனில்லை என்று எழுந்து வந்து, அன்று பிற்பகல் ஸ்டோர்க் கணினியில் நானே கடிதத்தை அடித்தேன். கம்பெனித் தாளில் தமிழிலும் மலாயிலும், நாலே வரி. இன்னாருடைய கையால் துரு வரவில்லை, காகிதத்தால் வந்தது, அவரை வேலையிலிருந்து நீக்கியது தவறு. கீழே என் கையெழுத்து, ஸ்டோர் முத்திரை. சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏழு பேரில் உயிரோடு இருந்தவர்கள் நான்கு பேர். இறந்துபோன மூன்று பேருடைய பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏழு அடித்தேன்.

விஷயம் வெளியே வந்து, விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. நாற்பது வருடத்தில் கம்பெனி என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியது அந்த ஒரு கடிதத்தில்தான். நான் பதில் எழுதவில்லை. ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தங்கமுலாம் பூசிய ஒரு குட்டி ரம்பம் கொடுப்பார்கள். எனக்கு அது வரவில்லை. கூடத்தில் தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முதலாளி ஏதோ கோப்பை வாங்குகிற படத்தை மாட்டியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா கடிதத்தை மகளிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அதைக் கிளினிக் அட்டை வைக்கிற பையில் வைத்துக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை. அது சரிதான். இன்னும் இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு நினைவு தப்பியிருந்தது, அவர் மகன் வாங்கி வைத்தான்.

கடைசியாக மெர்போக்கில் இருந்த நான்காமவர். ரப்பர் மரங்கள் நின்ற துண்டு நிலத்துக்குள் சின்ன வீடு. கதவுக்கு வெளியிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தார். நான் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை கேட்டுவிட்டு, அதை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"யாருக்கும்மா காட்டச் சொல்ற? பாக்க வேண்டியவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. எம் புருஷன் என் கையால சாப்புடாமயே செத்தான்."

கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டு எழுந்தேன். என் காருக்குப் பின்னால் கோழிகள் நின்றிருந்தன. நான் சாவியைப் போட்டதும் அவரே எழுந்து வந்து அவற்றை விரட்டிவிட்டு, பார்த்துப் பின்னால் எடுக்கச் சொன்னார்.